எத்தனை கிராம்?

"கயிறு இருக்கட்டும்க்கா. அதை எடுத்துட்டா இந்த ஊரு கெட்டுப் போயிடும்."

இதைச் சொன்னது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலையிலேயே குறள் அனுப்பும் பெரியப்பா அல்ல. பதினைந்து வயதில் அடிதடி வழக்கில் மாட்டி, இளையர் நீதிமன்றத்தில் நின்று, இரண்டு ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்த ஒரு தம்பி. இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் புளோக்கிலேயே வளர்ந்தவர். இப்போது மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறார், வீட்டில் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். காப்பிக்கடையில் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவர் தே தாரிக்கைக் குடித்து முடித்தார். எனக்குத்தான் மாதக்கணக்கில் அது அரித்துக்கொண்டே இருக்கிறது.

ஏனென்றால் நான் தூக்குத் தண்டனைக்கு எதிரானவள். சாங்கிச் சிறையிலிருந்து ஒவ்வொரு முறை தூக்குச் செய்தி வரும்போதும் என்னைப் போன்றவர்கள் இந்தத் தம்பி மாதிரி ஆட்களைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவோம். பாருங்கள், சின்ன வயதில் தப்பு செய்தான், ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள், இன்று வரி கட்டுகிறான், அம்மாவைப் பார்த்துக்கொள்கிறான், மனிதன் மாறுவான் என்பதற்கு வேறென்ன வேண்டும் என்று கேட்போம். அந்தச் சாட்சியே கூண்டில் ஏறி எதிர்த்தரப்புக்குச் சாதகமாகப் பேசினால்? அதுவும் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, காரணத்தோடு சொல்கிறார். அந்தக் காரணம் தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் அதில் உள்ள உண்மையைத் தள்ளவும் முடியவில்லை.

அவருடைய வழக்கு எனக்குத் தெரியும், அவர் அம்மாவோடு துணைக்குப் போனவள் நான். ஆங்கிலக் கடிதம் வந்தால் அந்த அம்மா என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார். நீதிமன்றம் இருக்கும் ஹேவ்லாக் ஸ்குவேரில் காத்திருந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது அந்த இடத்தின் அடக்கம். விசாரணைக்குள் வெளியார் வரமுடியாது, பையனின் பெயரைப் பத்திரிகை போடமுடியாது, பேச்செல்லாம் பள்ளிக்கூடம், வீடு, யாரோடு சுற்றுகிறான் என்பதைப் பற்றியே. புளோக்கின் திறந்த கீழ்த்தளமான வாய்ட் டெக்கில் நடந்த சண்டையில் ஒரு பையனுக்குக் கை முறிந்திருந்தது. அதை யாரும் சின்ன விஷயமாகப் பேசவில்லை. கடைசியில் நன்னடத்தைக் கண்காணிப்பு, சமூக சேவை, இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறுவரை வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்று உத்தரவு வந்தது. அம்மா ஐயாயிரம் வெள்ளிக்குப் பிணைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். அலுவலகம் துப்புரவு செய்து சம்பாதித்துக்கொண்டிருந்தவருக்கு அது பல மாதச் சம்பளம். கை நடுங்கியது பையனுக்கு அல்ல, அவருக்கு.

ஒருமுறை பையன் வீட்டுக்கு வர இருபது நிமிடம் தாமதமாகிவிட்டது. மறுநாள் காலையே அதிகாரி கூப்பிட்டு, ஏன், எங்கே, யாரோடு என்று குடைந்திருக்கிறார். இன்னொரு முறை நடந்தால் மறுபடி நீதிமன்றம், அங்கிருந்து சீர்திருத்த இல்லமான பாய்ஸ் ஹோம் என்றும் சொல்லியிருக்கிறார். சத்தம் போடவில்லையாம். பெரியப்பா அனுப்பும் குறள்களில் அவர் அனுப்பாத ஒன்று உண்டு: "கடிதோச்சி மெல்ல எறிக". ஓங்குவது பலமாக இருக்கட்டும், அடி மெதுவாக விழட்டும். இளையர் நீதிமன்றம் நடத்துவது கிட்டத்தட்ட அதைத்தான். இந்த நாட்டில் தண்டனை என்றாலே கயிறும் பிரம்பும்தான் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வரும். நம் ஊர் ஆட்களுக்கே இந்தப் பக்கம் அவ்வளவாகத் தெரியாது.

அப்புறம்தான் அந்தப் பொட்டலக் கதை. இதை அவர் அம்மாவிடம்கூட இன்றுவரை சொன்னதில்லை. பதினேழு வயது, கண்காணிப்பு முடிய இன்னும் சில மாதம். பழைய கூட்டத்தில் ஒருவன், வயதில் மூத்தவன், வந்து மலேசிய எல்லையில் இருக்கும் உட்லண்ட்ஸிலிருந்து கேலாங்குக்கு ஒரு 'சாமான்' கொண்டுபோகவேண்டும், முந்நூறு வெள்ளி தருகிறேன் என்றிருக்கிறான். நான் அப்போது என்ன கேட்டேன் தெரியுமா என்று தம்பி என்னிடமே கேட்டார். முடியாது என்றா, அது என்ன பொருள் என்றா? இல்லை. "எத்தனை கிராம்னு கேட்டேன்க்கா."

14.99

பதினேழு வயதுப் பையனுக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது? பள்ளியில் ஒட்டியிருக்கும் சுவரொட்டியிலிருந்து, உட்லண்ட்ஸில் உள்ளே வரும்போது குடிநுழைவு அட்டையில் சிவப்பில் அச்சடித்திருந்த மரண எச்சரிக்கையிலிருந்து, பெரியவர்கள் பேச்சிலிருந்து. இந்த ஊரில் வளர்ந்த யாருக்கும் அந்த எண் தெரியும். ஹெராயின் 15 கிராமுக்கு மேல் கடத்தினால் மரணம். கஞ்சா என்றால் 500 கிராம், ஐஸ் எனப்படும் மெத்தம்ஃபெட்டமின் என்றால் 250. 1975இல் கட்டாய மரண தண்டனை சட்டத்தில் சேர்ந்ததிலிருந்து கிராம்தான் அளவுகோல்.

ஆனால் கையில் இருக்கும் பொட்டலத்தை அப்படியே தராசில் வைத்துப் பார்க்கும் எடை அல்ல அது. பழுப்பு நிறத் தூளில் ஹெராயின் எனப்படும் டயமார்ஃபின் கொஞ்சம்தான் இருக்கும். ஆய்வுக்கூடத்தில் அதைப் பிரித்து, சுத்தமாக எவ்வளவு என்று பார்த்து வரும் எண்தான் நீதிமன்றத்துக்குப் போகும். தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு அது தெரிய வழியே இல்லை. இதில் சட்டம் வேறு, பொருள் உன்னிடம் இருந்தால் அது என்னவென்று உனக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிப்பது உன் வேலை. தீர்ப்புகளைப் படிக்கிறவர்கள் இன்னொரு எண்ணையும் கவனித்திருப்பார்கள்: 14.99. அரசு வழக்கறிஞர் குற்றச்சாட்டைக் குறைத்து "14.99 கிராமுக்குக் குறையாத" என்று போட்டால் மரணம் போய்விடும், நீண்ட சிறையும் பதினைந்து பிரம்படியும் வரும். ஆளும் அதே, பொட்டலமும் அதே. ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு, அதை எழுதும் ஒரு பேனா.

தண்டனை பயமுறுத்துகிறது என்பதற்கு அரசாங்கம் அடிக்கடி சொல்லும் ஆதாரமும் எடையைப் பற்றியதுதான். 1990இல் 1,200 கிராமுக்கு மேல் அபின் கடத்தினால் கட்டாய மரணம் என்று வந்தபிறகு, நான்கு ஆண்டுகளில் கடத்தப்பட்ட அபினின் சராசரி எடை 66 விழுக்காடு குறைந்தது என்கிறார்கள். நான் இதைப் பொய் என்று சொல்லவில்லை. உள்துறை அமைச்சர் சண்முகம் இதைச் சொல்லும்போது நானும் தலையாட்டியிருக்கிறேன். பயம் இருக்கிறது, கணக்குப் போடுகிறார்கள். ஆனால் தம்பி கேட்ட கேள்வியும் அதே கணக்குதானே? "எத்தனை கிராம்" என்று கேட்கிறவன் கடத்தலாமா வேண்டாமா என்று யோசிக்கவில்லை. எவ்வளவு வரைக்கும் போகலாம் என்று யோசிக்கிறான். சராசரி எடை குறைந்தது என்றால் ஒவ்வொரு பொட்டலமும் இளைத்தது என்று தெரிகிறது. எத்தனை பொட்டலம், எத்தனை கை என்று அந்த எண் சொல்வதில்லை.

சரி, தம்பி போனாரா? போகவில்லை. கயிற்றுக்குப் பயந்துதானே என்று நான் எடுத்துக்கொடுத்தேன். சிரித்துவிட்டார். "பயமெல்லாம் இல்லக்கா. அவன் சொன்ன டைம் பதினொரு மணி. நான் ஒன்பதுக்கு வீட்டுல இருக்கணும்." அவ்வளவுதான். ஏற்கெனவே இருபது நிமிடத்துக்கு நடந்தது ஞாபகம் இருந்திருக்கிறது. பதினொரு மணிக்கு வெளியே போனால் மறுநாள் மாட்டுவது உறுதி, அம்மாவின் ஐயாயிரம் போவது உறுதி. உட்லண்ட்ஸில் பொட்டலத்தோடு பிடிபடுவது நடக்கலாம், நடக்காமலும் போகலாம். அந்த வயதில் யாரும் தான் பிடிபடுவோம் என்று நினைப்பதில்லை.

தண்டனையின் கடுமையைவிட அது நிச்சயம் வரும் என்பதே ஆளைத் தடுக்கும் என்று இத்தாலியில் பெக்காரியா எழுதியது 1764இல். அமெரிக்காவின் தேசிய ஆய்வு மன்றம் 2012இல், மரண தண்டனை கொலையைக் குறைக்கிறதா என்று முப்பது ஆண்டுக்கு மேல் நடந்த ஆய்வுகளை எல்லாம் புரட்டிவிட்டு, இவற்றை வைத்துக் குறைக்கிறது என்றும் சொல்லமுடியாது, இல்லை என்றும் சொல்லமுடியாது, கொள்கை வகுக்க இவற்றைப் பயன்படுத்தாதீர்கள் என்றது. நமக்கு இன்னும் பக்கத்து உதாரணம் ஹாங்காங். 1966க்குப் பிறகு அங்கே யாரையும் தூக்கிலிடவில்லை, 1993இல் சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். நாம் 1990களின் நடுவில் உலகத்திலேயே மக்கள்தொகைக்கு அதிகமாகத் தூக்கிலிட்ட ஊர்களில் ஒன்று. இரண்டு ஊரின் கொலை விகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வாளர்களுக்கு இரண்டு கோடும் ஏறக்குறைய சேர்ந்தே இறங்கியது தெரிந்தது. இது கொலைக்கு, போதைப்பொருளுக்கு அல்ல என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். அதனால்தான் மறுபடி அந்தப் பொட்டலத்துக்கே வருகிறேன்.

பயம் யார் கைக்குப் போனது

தம்பியின் காரணம் இதுதான். "ஏன் எங்கிட்ட வந்தான்னு நினைக்கிறீங்க? அவனுக்குப் பயம். அவனே தூக்கிட்டுப் போக மாட்டான். உனக்கு பதினேழுதானே, உனக்கு ஒன்னும் ஆகாதுன்னு சொன்னான். பார்த்தீங்களா, கயிறு வேலை செய்யுது."

எத்தனை தரம் யோசித்தாலும் நான் நின்றுவிடும் இடம் இது. அவர் சொல்வது சரி. கயிறு வேலை செய்தது. நன்றாகவே செய்தது. பணமும் ஆளும் வைத்திருந்த, வயதில் மூத்த ஒருவனை அது பயமுறுத்தியது. பயந்தவன் வேலையை விட்டுவிட்டுப் போகவில்லை. பொட்டலத்தைத் தன் கையிலிருந்து ஒரு பையனின் கைக்கு மாற்றப் பார்த்தான். தம்பி இதைப் பயத்தின் வெற்றி என்கிறார். எனக்கு இது மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் தண்ணீர் மாதிரி தெரிகிறது. அணை கட்டிவிட்டோம் என்று நாம் நினைக்கிறோம், அது கீழே உள்ள வீட்டுக்குள் புகுந்துகொண்டிருக்கிறது.

கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் பெயர்கள் நமக்குத் தெரிந்தவை. 2009இல் உட்லண்ட்ஸில் பிடிபட்ட நாகேந்திரன் தர்மலிங்கம், தொடையில் கட்டியிருந்த பொட்டலத்தில் 42.72 கிராம். அறிவுத்திறன் அளவு 69 என்று மருத்துவச் சான்று நீதிமன்றத்தில் இருந்தது, சட்டம் கேட்கும் அளவு மனநிலைக் குறைபாடு அல்ல என்று தீர்ப்பானது. 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கு. அதற்குச் சில வாரம் முன்பு ஹொங் லிம் பூங்காவில் சில நூறு பேர் கூடியதே இங்கே பெரிய செய்தி. சாங்கியில் கடைசி நாட்களில் குடும்பம் வாங்கித் தரும் சட்டையைப் போட்டுக் கைதியைப் படம் எடுத்துத் தருவார்கள். ஈப்போவிலிருந்தும் ஜோகூரிலிருந்தும் பஸ் ஏறி வரும் அம்மாக்களின் கையில் மிஞ்சுவது அந்தப் படங்கள்.

2013இல் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். வெறுமனே தூக்கிக்கொண்டு போனவராக இருந்து, கும்பலைப் பிடிக்க உருப்படியான தகவல் கொடுத்ததாக அரசு வழக்கறிஞர் சான்றிதழ் தந்தால், நீதிபதி ஆயுள் சிறையும் பிரம்படியும் கொடுக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தகவல் யாரிடம் இருக்கும்? கும்பலில் நாலு பேரைத் தெரிந்தவனிடம். ஒரு செல்லப்பெயரும் ஒரு ஃபோன் நம்பரும் மட்டும் தெரிந்த பையனிடம் விற்க ஒன்றும் இல்லை. அன்றைக்கு நம் தம்பி போயிருந்தால் அவரிடமும் இருந்திருக்காது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தம்பியே எடுத்துச் சொல்வார். கயிறு தூக்கிக்கொண்டு போகிறவனை மட்டும் பிடிப்பதில்லை. 2023 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட தங்கராஜு சுப்பையா ஒரு கிலோவுக்குச் சற்று மேலான கஞ்சாவைத் தொடவே இல்லை. ஃபோனில் ஏற்பாடு செய்தார் என்பதுதான் வழக்கு. கை படாதவரையும் சட்டம் எட்டும் என்று அரசு சொல்லலாம். எனக்கு அந்த வழக்கில் ஆறுதல் எதுவும் இல்லை. இரண்டு ஃபோன் நம்பர் யாருடையது என்பதில் ஓர் உயிர் தொங்கியது.

பதினெட்டின் இரண்டு பக்கம்

"உனக்கு ஒன்னும் ஆகாது" என்று அந்த ஆள் சொன்னது பாதி உண்மை. குற்றம் நடந்தபோது பதினெட்டு நிரம்பாதவருக்கு இங்கே மரண தண்டனை கிடையாது. அதற்குப் பதில் ஆயுள் சிறை. அந்த இரண்டாவது பாதியை அவன் சொல்லவில்லை.

2021 ஜூலையில் ஒரு பள்ளிக்குள் பதினாறு வயது மாணவன் பதின்மூன்று வயது மாணவனைக் கோடரியால் கொன்றது நினைவிருக்கும். ஊரே ஒடுங்கிப்போன நாள் அது. அந்தப் பையனுக்கு மனநோய் இருந்தது தெரியவந்து, குற்றச்சாட்டு கொலையிலிருந்து மரணம் விளைவித்தலாகக் குறைந்து, 2023 டிசம்பரில் பதினாறு ஆண்டுச் சிறை விதித்தார்கள். கயிறு வேண்டும் என்று என் காதுபடக் கேட்டவர் யாரும் இல்லை. டெக்கா சந்தையில் காய்கறி வாங்கும்போதுகூட இரண்டு பெற்றோருக்காகவும்தான் பேசிக்கொண்டார்கள். யோங் வுய் கோங் சாபாவிலிருந்து வந்தவர், 2007இல் 47.27 கிராமோடு பிடிபட்டபோது வயது பத்தொன்பது. அவருக்குக் கயிறு. சட்டம் தளர்ந்தபிறகு, 2013இல்தான் ஆயுள் சிறையும் பதினைந்து பிரம்படியும் ஆயிற்று. ஒரு உயிரை எடுத்த பதினாறுக்கு ஒரு வெளிச்சம், பொட்டலம் தூக்கிய பத்தொன்பதுக்கு இருட்டு. எங்காவது ஒரு கோடு போடத்தான் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோட்டுக்கு அந்தப் பக்கம் நீதிபதியின் கையைக் கட்டிப்போட என்ன அவசியம்? பக்கத்து மலேசியா 2023இல் கட்டாயம் என்ற சொல்லை எடுத்துவிட்டு, முடிவை நீதிபதியிடம் விட்டது.

பெரியப்பாவோடும் இதைப் பேசினேன். செம்பவாங்கில் வளர்ந்தவர். எழுபதுகளில் ஹெராயின் வந்தபோது கூடப் பந்து விளையாடியவர்கள் கழிப்பறையில் ஊசியோடு கிடந்ததைப் பார்த்தவர். 1977இல் போலிஸ் ஊர் முழுக்க வலைவீசிப் பிடித்ததை இன்னும் கண்முன் நடந்த மாதிரி சொல்வார். அவருக்குக் கயிறு என்பது கொடூரம் அல்ல, செத்துப்போன சிநேகிதர்களுக்கான பதில். அந்த வலியைக் கேலி செய்துகொண்டு இந்த விவாதத்தை நடத்தமுடியாது. 2023இல் உள்துறை அமைச்சு எடுத்த கருத்தாய்வில் நான்கில் மூன்று பேருக்கு மேல் மிகக் கடுமையான குற்றங்களுக்கு மரண தண்டனை வேண்டும் என்றார்கள், அதில் எனக்கு வியப்பில்லை. ஆனால் இங்குள்ள சட்டத்துறை ஆய்வாளர்கள் வேறு மாதிரி கேட்டுப் பார்த்தார்கள். இன்ன ஆள், இன்ன சூழ்நிலை, இப்போது கொடுப்பீர்களா என்று வழக்கை முன்னால் வைத்தபோது ஆதரவு வெகுவாகக் குறைந்தது. பெரியப்பாவிடம் பெயர் சொல்லாமல் தம்பியின் கதையைச் சொல்லி, அந்தப் பையன் அன்று பத்தொன்பது வயதாக இருந்து, போயிருந்தால் என்று கேட்டேன். "அதெப்படி, சின்னப் பையன்" என்றார். பத்தொன்பது என்றேன். "சின்னப் பையன்தானே" என்றார் மறுபடியும்.

ஒன்றை மட்டும் எனக்கு யாரும் விளக்கவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் இரண்டே ஆண்டில் திரும்ப உள்ளே போனார்கள். இப்போது ஐந்தில் ஒருவர் அளவுக்கு இறங்கியிருக்கிறது. மஞ்சள் ரிப்பன் திட்டம், சிறைக்குள் தொழிற்பயிற்சி, வெளியே வேலை, குடும்பம், கண்காணிப்பு அதிகாரி என்று வந்ததெல்லாம் சேர்ந்து செய்த வேலை இது. போதைக்கு அடிமையானவரைச் சிறைக்குப் பதில் மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்பும் பாதையை 2019இல் இன்னும் விரிவாக்கினார்கள். குற்றப் பொறுப்பு வயதை ஏழிலிருந்து பத்தாக உயர்த்தியதும் அதே ஆண்டுச் சட்டத் திருத்தத்தில்தான். ஆக, எது வேலை செய்யும் என்று இந்த அரசுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். கயிறு அப்படியே இருக்க, ஆண்டுக்கு ஏறக்குறைய மூவாயிரம் பேர் போதைப்பொருள் பயன்படுத்திப் பிடிபடுகிறார்கள், புதிதாகப் பிடிபடுபவர்களில் பாதிக்கு மேல் முப்பது வயதுக்குக் கீழ். கயிறு இல்லாவிட்டால் இது பத்தாயிரம் ஆகியிருக்கும் என்பார்கள். அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை, அவர்களிடமும் நிரூபணம் இல்லை. நிரூபணம் இல்லாத ஒன்றுக்காகத் திருப்பி எடுக்கமுடியாத ஒன்றைச் செய்கிறோமே என்பதுதான் என் சண்டை.

தம்பியிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். உன்னிடம் வந்த ஆள் என்ன ஆனான்? தெரியாதாம். அவர் முடியாது என்று சொன்ன வாரமே வேறு பையன் கிடைத்திருப்பான் என்றார். அந்தப் பையன்? அதுவும் தெரியாதாம். இந்தப் பதிவை அவருக்கு முதலில் அனுப்பிப் படிக்கச் சொன்னேன். பெயர் போடாததற்கு நன்றி, தண்ணீர் உவமை நல்லா இருக்கு, ஆனா அணையே இல்லன்னா மொத்த ஊரும்தானே முழுகும் என்று ஒரு குரல் பதிவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன்.